புது லேயரில் ஒரு பொய்

போன வாரம் சின்னவளை நாம் விட்டுவிட்டு வந்தபோது, அவள் தன் கம்ப்யூட்டர் முன்னால் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுதிய பக்கம் அப்படியே இருந்தது. அதில் ஒரே ஒரு வரி மட்டும் அவளுடையது இல்லை. அவளுடைய வரியைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் வேறு யாரோ எழுதிய வரி, அவள் பெயரிலேயே, சட்டமாக உட்கார்ந்திருந்தது.

யாரோ என்ன யாரோ! அண்ணன்தான்.

முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகும் வீட்டில் அவள் சின்னவள்தான். அண்ணனின் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அங்கேயும் அதே பேர் நிலைத்துவிட்டது. பிக்ஸல் ஓவியம் வரைகிற மென்பொருளைச் செய்து விற்கிற சின்னக் கம்பெனி அது. கட்டம் கட்டமாக நிறம் வைத்து வரைகிற படங்கள். பழைய வீடியோ கேம்களில் குதித்து ஓடும் பொம்மைகள் எல்லாம் அப்படிப் பிறந்தவைதான். இப்போது அந்த மென்பொருளுக்குள் ஏஐ ஏஜென்ட்டும் வந்துவிட்டது. நாம் சொன்னால் போதும், அது வரையும். கோடு, செவ்வகம், வட்டம் என்று வடிவங்கள் வரைய அதற்கென்று ஒரு டூல் உண்டு. அந்த டூல் என்ன செய்யும், என்ன செய்யாது என்று ஏஜென்ட்டுக்குச் சொல்லிக்கொடுக்கும் கையேட்டை எழுதுவதுதான் சின்னவளின் வேலை.

மனிதர்களுக்குக் கையேடு எழுதினால் யாரும் படிப்பதில்லை. பெட்டியோடு சேர்த்துப் பரணில் போட்டுவிடுவார்கள். ஏஜென்ட் அப்படி இல்லை. ஒரு எழுத்து விடாமல் படிக்கும். படித்ததை நம்பும்.

அதனால்தான் சின்னவள் ஒவ்வொரு வரியையும் தானே செய்து பார்த்த பிறகு எழுதுவாள். படத்தின் மேல் கண்ணாடித்தாள் விரித்து அதன் மேல் வரைகிற மாதிரி, லேயர் லேயராக வரைவது இந்தத் தொழிலில் வழக்கம். மேல் தாளில் எதைக் கிறுக்கினாலும் கீழே இருக்கும் படத்துக்கு ஆபத்தில்லை. தாள் விரிக்க மறந்தால்? அதைச் சோதித்துப் பார்த்துத்தான் அவள் எழுதினாள்: ‘எந்த லேயர் என்று சொல்லாவிட்டால், திறந்திருக்கும் லேயரின் மேலேயே வரைந்து, உடனே சேமித்துவிடும். அங்கே இருந்தது அழிந்துபோகும்.’

இப்போது அங்கே இருந்த வரி: ‘எந்த லேயர் என்று சொல்லாவிட்டால், புது லேயரில் வரையும்.’

அந்தப் பொய்யை நம்பித்தான் ஏஜென்ட், அண்ணி மாதக்கணக்கில் கண்ணைச் சுருக்கி வரைந்த கிழட்டு நாயின் மேல் ஒரு பெரிய கருநீலச் செவ்வகத்தை அடித்து நிரப்பியது. நாய் போனது போனதுதான். பழைய நகல் ஒன்று இருந்தது. அதில் நாய்க்குக் கால்கள் மட்டும்தான்.

விடிந்து சின்னவள் சமையலறைக்கு வந்தபோது அப்பா ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தார். காலமெல்லாம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன மாதம் கண்ணில் ஆபரேஷன் ஆகி, வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியோடுதான் நடமாட்டம்.

“உன் அண்ணன் பேசினான்” என்றார்.

“என்னவாம்?”

“இன்னைக்கு அந்த கேம் கம்பெனிக்காரங்க வர்றாங்களாம்ல? உன் அண்ணியும் வர்றாளாம். அவங்க முன்னாடி, தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா விஷயம் முடிஞ்சுதாம்.”

“நல்லதுதானே. சொல்லட்டும்.”

“அவன் இல்லைம்மா. நீ.”

சின்னவள் காபியை மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதி கீழே சிந்தியது.

“நான் எதுக்குப்பா சொல்லணும்?”

“நீதானே தப்பா எழுதினே?”

“அப்படின்னு அவன் சொன்னானா?”

“உன் அண்ணிகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கான். அதான் அவ உன் போனை எடுக்கிறதில்லை.”

ஓ! அதுதானா சங்கதி! நாய் போன துக்கத்தில் அண்ணி யாரோடும் பேசவில்லை என்று இத்தனை நாளும் நினைத்து, பாவம் பாவம் என்று இவள் உருகிக்கொண்டிருந்தாள். துக்கம் இல்லை, கோபம். அதுவும் இவள் மேல்! பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டையும் கட்டி ஒரே தலையில் ஏற்றிவிட்டிருக்கிறான் மகராசன்.

“அப்பா, நான் சரியாத்தான் எழுதினேன். உங்க ஆபரேஷனுக்காக நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்திருந்தப்போ, என் மெஷினைத் திறந்து அவன் மாத்தி எழுதிட்டான்.”

அப்பா ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

“சரி, அவனே மாத்தினதா இருக்கட்டும். கம்பெனி நடத்துறவன். நாலு பேர் முன்னாடி அவன் தலை குனியலாமா? நீ ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்? குடும்பம்னா யாராவது விட்டுக்கொடுத்துத்தான் போகணும்.”

“அந்த யாராவது யாருன்னு இந்த வீட்டுல என்னைக்காவது சீட்டுக் குலுக்கிப் பார்த்திருக்கோமாப்பா? எப்பவும் என் பேரே வந்து விழுது!”

“அதுக்கில்லைம்மா…”

“நீங்க ரயில் ஓட்டினவரு. சிவப்பு சிக்னலுக்கு எவனோ பச்சை பெயிண்ட் அடிச்சு வெச்சிட்டு, அப்புறம் டிரைவர்தான் தப்பு பண்ணிட்டாருன்னு சொன்னா, விட்டுக்கொடுத்திருப்பீங்களா?”

அப்பா திரும்பி அடுப்பைப் பார்த்தார். “ரொட்டி கருகுது” என்றார்.

கருகட்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. அவள் மூச்சு வாங்க ஏறிப்போனபோது, அண்ணன் இஸ்திரி மடிப்புக் கலையாத புதுச் சட்டையில், கூட்ட அறை மேசையைத் தானே துடைத்துக்கொண்டிருந்தான். பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் அவன் பாதி வாழ்க்கையை ஓட்டியிருக்கிறான்.

“வந்துட்டியா! அப்பா சொன்னாரா?”

“சொன்னாரு. ஏன், நீ நேர்ல சொன்னா வாய் வலிக்குமா?”

“நேர்ல சொன்னா இப்படி முறைப்பேன்னுதான்.”

“என் வரியை எதுக்கு எடுத்தே?”

அண்ணன் கண்ணாடிக் கதவைச் சாத்தினான். “மெதுவாப் பேசு. வெளியில பசங்க இருக்காங்க. அந்த வரி எப்படி இருந்துச்சுன்னு உனக்கே தெரியும். ‘அழிந்துபோகும்’! பொருளை விக்கிறவன் அது மேலேயே ‘அழிந்துபோகும்’னு எழுதி ஒட்டுவானா?”

“அழியுதே!”

“இப்போ அழியுது. அடுத்த ரிலீஸ்ல அழியாது. புது லேயர்ல வரையற மாதிரி நான் மாத்தத்தான் போறேன். அன்னைக்கு உன் வரி தப்பாயிடும், என் வரி சரியாயிடும். நான் கொஞ்சம் முன்னாடியே எழுதிட்டேன், அவ்வளவுதான்.”

“பொறக்காத பிள்ளைக்குப் பேர் வைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். பரீட்சையில பாஸாயிடுச்சுன்னு சர்டிபிகேட் எழுதறவனை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.”

“கிண்டல் பண்ணு. இந்த ஒப்பந்தம் கைக்கு வந்தா ரெண்டு ஆள் போட்டு டூலைச் சரி பண்ணிடலாம். வரலைன்னா டூலும் இல்லை, கம்பெனியும் இல்லை, சண்டை போட உனக்கு வரியும் இல்லை. தனி ஆளா ராப்பகலா கோட் எழுதிட்டிருக்கேன், அது யார் கண்ணுக்காவது தெரியுதா?”

அவன் கண்ணைச் சுற்றிக் கருவளையம் இருந்தது நிஜம். சொன்னதில் ஒரு நியாயமும் இல்லாமல் இல்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. முழுப் பொய்யனாக இருந்தால் ஒரே அறையில் தீர்ந்துவிடும். பாதி நியாயத்தைக் கையில் வைத்திருப்பவனை எங்கே என்று அடிப்பது?

“அண்ணிகிட்ட ஏன் என் பேரைச் சொன்னே?”

அண்ணன் சட்டைப் பொத்தானைத் திருகினான். “அன்னைக்கு ராத்திரி அவ அழுத அழுகையை நீ பார்க்கலை. ஏதோ ஒண்ணு சொல்லணும்ல? நான் அவகூட ஒரே வீட்டுல இருக்கணும்ல?”

“அதுக்கு நான் கிடைச்சேனா?”

“நீ தங்கச்சி. தாங்கிப்பே.”

சின்ன வயதில் கண்ணாடி உடைந்தால், அலாரம் கடிகாரம் நின்றால், ரேடியோவில் தண்ணீர் கொட்டினால், எல்லாவற்றையும் தாங்கியவள்தான். அப்போது அது விளையாட்டு. இப்போதும் அதையே ஒரு பட்டம் மாதிரி நீட்டுகிறான்.

“இன்னைக்கு சாயங்காலம் புதுக் கையேடு எல்லா வாடிக்கையாளருக்கும் போகணும்” என்றான் அண்ணன். குரலில் முதலாளி வந்துவிட்டிருந்தான். “அந்தப் பக்கத்துல ஒரு புள்ளிகூட மாறக்கூடாது. பாஸ்வேர்டை வேற மாத்தி வெச்சிருக்கே, பார்த்தேன். அதனால நீயே அனுப்பிடு.”

பதில் சொல்வதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது.

கேம் கம்பெனியிலிருந்து வந்தவர், குட்டையாக வெட்டிய நரைமுடியும் கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு அம்மா. அவர்களுடைய புது விளையாட்டுக்காகத்தான் அண்ணி அந்த நாயை வரைந்துகொண்டிருந்தாள். நாயும் வேண்டும், இந்த மென்பொருளும் அவர்கள் ஓவியர்கள் அத்தனை பேருக்கும் வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள். இப்போது நாய் இல்லை. மென்பொருளாவது நம்பலாமா என்று பார்க்க வந்திருந்தார்.

அண்ணி கடைசியாக வந்தாள். மேசையின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தாள். சின்னவள் பக்கம் மறந்தும் திரும்பவில்லை. கண் இமை வீங்கியிருந்தது.

அண்ணன் நன்றாகவே பேசினான். படம் போட்டுக் காட்டினான். ஏஜென்ட் எவ்வளவு வேகம், எவ்வளவு துல்லியம் என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “நடந்த விஷயத்துல டூல் மேல ஒரு குறையும் இல்லை. கையேட்டுல ஒரு சின்னப் பிழை. அதை எழுதினவங்களே இங்க இருக்காங்க. அவங்களே ஒரு வார்த்தை சொல்லுவாங்க” என்று இவளைப் பார்த்துக் கையை நீட்டினான்.

சின்னவள் எழுந்தாள்.

“பிழை இருக்கிறது உண்மைதான். ஆனா அது நான் எழுதின வரியில இல்லை. நான் எழுதின வரியே இப்போ அங்க இல்லை.”

அண்ணன் சிரித்தான். “வீட்டு ஆளுங்க பாருங்க. கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவாங்க.”

அவ்வளவுதான். அந்த ஒரு சிரிப்பு போதுமானதாக இருந்தது. “உணர்ச்சியெல்லாம் இருக்கட்டும். செஞ்சே காட்டுறேன்” என்று கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வீடும் மரமுமாக இருந்த ஒரு படத்தைத் திறந்தாள். ஏஜென்ட்டுக்கு எழுதினாள்: ‘இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலை வரை, கருநீலம் நிரப்பிய ஒரு செவ்வகம் வரை. ஏற்கெனவே இருக்கும் வீடும் மரமும் படத்தில் உள்ளபடி இருக்க வேண்டும்.’

இப்போது அழியும், எல்லோரும் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நின்றாள்.

அழியவில்லை. ஏஜென்ட் சமர்த்தாக ஒரு புது லேயரைத் திறந்து, அதற்குப் பெயரும் வைத்து, செவ்வகத்தை அதில் வரைந்தது. வீடும் மரமும் கீழே பத்திரமாக இருந்தன.

“பார்த்தீங்களா? புது லேயர்!” அண்ணன் கையைத் தட்டினான். ஓரத்தில் நின்ற கோட் எழுதும் பையன்களில் ஒருவன் சிரிப்பை இருமலாக மாற்றினான். நரைமுடி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பாவம் என்கிற மாதிரி இவளைப் பார்த்தார்.

சின்னவளுக்குக் காது மடல்வரை சூடேறியது. உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் காட்டத் தெரியாமல் நாலு பேர் நடுவில் நிற்பதைவிடக் கேவலம் உண்டா? அண்ணன் அவள் தோளில் தட்டி, “விடு, உட்காரு” என்றான். தட்டிய கையை அப்படியே கடித்துவிடலாம் போல் இருந்தது.

“நான் இப்படிக் கேட்கலை.”

அண்ணியின் குரல். அந்த அறைக்குள் வந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

“என்னது?” என்றான் அண்ணன்.

“அன்னைக்கு நான் இப்படியெல்லாம் விலாவாரியாக் கேட்கலை. நான் வேற மாதிரி கேட்டேன்.” அண்ணி எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பழைய நகலுக்கு இன்னொரு நகல் எடுத்துத் திறந்தாள். உடம்பில்லாமல் நாலு கால்கள் மட்டும் வெள்ளைத் திரையில் நின்றன.

“ஏம்மா, அதை எதுக்கு இப்போ…” என்றான் அண்ணன்.

“நகலுக்கு நகல்தான். போனாப் போகட்டும்.”

அண்ணி தட்டினாள்: ‘நாய்க்குப் பின்னால ராத்திரி ஆக்கு.’

ஏஜென்ட் பணிவாகப் பதில் எழுதியது: ‘சரி. லேயர் குறிப்பிடாமல் வரைகிறேன். அதனால் வானம் புது லேயரில் வரும். நாய்க்கு ஒன்றும் ஆகாது.’

திரை முழுக்கக் கருநீலம் பரவியது. நாலு கால்களும் போயின. லேயர் பட்டியலில் பழைய லேயர் ஒன்றுதான் இருந்தது, புதிதாக எதுவும் இல்லை. மூலையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று ஒரு சின்ன எழுத்து எட்டிப் பார்த்தது.

யாரும் இருமவில்லை.

“அவங்க கேட்டப்போ ஒழுங்கா வரைஞ்சுதே?” என்றார் நரைமுடி அம்மா.

சின்னவளுக்கு அப்போதுதான் விளங்கியது. “தப்பு என் மேலதான். நான் எழுதிப் பழகினவ. ‘உள்ளபடி இருக்க வேண்டும்’னு காவல் எல்லாம் போட்டுத்தான் எனக்குக் கேட்கவே வருது. அதனால அதுவும் உஷாராகி, தானே லேயர் போட்டுக்கிச்சு. அண்ணி மனுஷங்க பேசுற மாதிரி பேசினாங்க. அப்போ அது கையேட்டை நம்புச்சு. லேயரைச் சொல்லலைன்னா புது லேயர்னு கையேடு சொல்லுது. அதான் டூலுக்கு லேயர் சொல்லாம விட்டுச்சு.”

“நீங்க எழுதின வரியைப் போட்டா?”

கையேட்டின் தனிப் பிரதி ஒன்றில் தன் பழைய வரியைப் போட்டாள். அண்ணி அந்தக் கால்களை மறுபடி நகலெடுத்துத் திறந்து, ஒரு எழுத்து மாற்றாமல் அதையே கேட்டாள். ஏஜென்ட் முதலில் ஒரு லேயரைத் திறந்தது. அதை நாய்க்குக் கீழே நகர்த்தியது. அதற்குப் பிறகுதான் வானத்தை நிரப்பியது. நாலு கால்களும் ராத்திரிக்குள் நின்றன.

அண்ணி திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள். “இந்த வரி எங்கே போச்சு?”

“எடிட்டிங்ல எப்படியோ போயிருக்கு” என்றான் அண்ணன்.

“எப்படியோவா? கால் முளைச்சு நடந்து போச்சா? ஒரு நாயை நடக்க வைக்க எனக்கு எத்தனை மாசம் ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு வரி தானா எழுந்து நடக்குமா? யார் எடுத்தாங்க?”

“வீட்ல போய்ப் பேசிக்கலாம்.”

“வீட்லதான் பேசினீங்களே! உங்க தங்கச்சி தப்பா எழுதிட்டான்னு வீட்ல உட்கார்ந்து, என் தலையைத் தடவிக்கிட்டேதான் பேசினீங்க. வீட்ல பேசினது போதும். இங்கே பேசுங்க.”

அண்ணன் நரைமுடி அம்மாவைப் பார்த்தான். பையன்களைப் பார்த்தான். சின்னவளைப் பார்த்தான், எப்போதும் போல் இவள் ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவாள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. இவள் வாயைத் திறக்கவில்லை.

“நான்தான் எடுத்தேன். போதுமா? ஊரைக் கூட்டிச் சொல்லட்டுமா? யாருக்காக எடுத்தேன்? இந்தக் கம்பெனி நிக்கணும்னுதானே!”

நரைமுடி அம்மா தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “டூல்ல குறை இருக்குன்னா எங்க ஆளுங்க சமாளிச்சுக்குவாங்க. எல்லா டூல்லயும் இருக்கிறதுதான். ஆனா கையேடு பொய் சொன்னா, எதை நம்பி வேலை செய்யறது? முதல்ல அதைச் சரி பண்ணுங்க. அப்புறம் பார்க்கலாம்.”

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

அண்ணி கதவருகில் ஒரு நிமிஷம் நின்றாள். “நீ கூப்பிட்டப்போ நான் எடுக்கலை” என்றாள் சின்னவளிடம்.

“ம்.”

“எடுத்திருக்கணும்.”

அவ்வளவுதான். அவளும் போய்விட்டாள்.

சின்னவள் தன் இடத்தில் வந்து உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தாள். பொய் வரியை அழித்தாள். தன் வரியை எழுதினாள். ‘அழிந்துபோகும்’ என்று தட்டும்போது விரல் கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. அண்ணன் பின்னால் வந்து நின்றது தெரிந்தது.

“அதை அனுப்பினே, நாளையிலேர்ந்து நீ இங்கே வர வேண்டாம்.”

“அண்ணனாச் சொல்றியா, முதலாளியாச் சொல்றியா?”

“ரெண்டாவும்தான்.”

“சரி. ஒரே நாள்ல எனக்கு ரெண்டு உத்தியோகம் போச்சு” என்று சொல்லி, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

சுற்றியிருந்த பையன்கள் எல்லோரும் திடீரென்று மும்முரமாக வேலை பார்த்தார்கள். தண்ணீர் பாட்டில், குடை, நாற்காலிமேல் கிடந்த சால்வை, எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு இறங்கினாள். பஸ் ஏறி உட்கார்ந்தாள். அவள் பேச நினைத்துப் பேசாமல் விட்ட வசனங்கள் ஒவ்வொன்றாக இப்போதுதான் வாய்க்கு வந்துகொண்டிருந்தன. ‘தாங்கிப்பேன்னு சொன்னியே, சுவரா நான்?’ என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். வாய்விட்டே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது, செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

“ஏம்மா இப்படிப் பண்ணினே?” என்றார் அப்பா. “அவன் போன்ல அழுறான். வெளியாள் முன்னாடி மானம் போச்சுன்னு.”

“மாத்தி எழுதினப்போ போகாத மானம், மாத்தினேன்னு சொன்னப்போதான் போச்சாமா?”

“நாளைக்குக் காலையில போய், சமாதானமா ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடு.”

காலையில் சொன்ன அதே ஒரு வார்த்தை! இந்த வீட்டில் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. சின்னவள் அலமாரியிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து வந்து, அவர் கண்ணாடியைக் கழற்றி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் விட்டாள். கோபம் கோபமாக இருக்கட்டும். மருந்து வேளைக்கு விழவேண்டும். அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டார்.

அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தால் அண்ணி. ஒரு தோளில் துணிப்பை. நெஞ்சோடு அணைத்து, பெட்ஷீட்டில் சுற்றிய கம்ப்யூட்டர் திரை.

“மாமா, உள்ளே வரலாமா?”

“இதென்னம்மா கேள்வி! வா, வா. முதல்ல அதை இறக்கி வை.”

அண்ணி இறக்கவில்லை. சின்னவளைப் பார்த்துச் சொன்னாள். “எனக்கு ஒரு மேசை வேணும். நாயை முதல்லேர்ந்து வரையணும். அந்த வீட்ல உட்கார்ந்தா கை வரமாட்டேங்குது.”

“எத்தனை நாளைக்கு அண்ணி?”

“தெரியலை.”

சின்னவள் தன் மேசையில் இருந்ததையெல்லாம் வாரிக் கட்டில்மேல் போட்டாள். இரண்டு பேருமாகத் திரையைத் தூக்கி வைத்து, ஒயர்களைச் சொருகினார்கள். அண்ணியின் விரல் நுனிகள் சில்லிட்டிருந்தன. இவள் மேல் இத்தனை நாள் வைத்திருந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நிற்கிறவளைப் போல, அவள் ஒரே ஒயரை மூன்று தடவை சரிபார்த்தாள்.

அப்போதுதான் அப்பாவின் போன் அடித்தது. எஞ்சின் சத்தத்தில் ஒரு காதைப் பறிகொடுத்தவர், யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

“அப்பா, சின்னவ வந்துட்டாளா?”

அண்ணனின் குரல் கேட்டதும் அண்ணி ஒயரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். அப்பாவின் முகத்தில், அப்பாடா என்று ஒரு வெளிச்சம் வந்தது. பெண்டாட்டியைத் தேடித்தான் கூப்பிடுகிறான் பிள்ளை!

“வந்துட்டாடா. எல்லாரும் இங்கதான்…”

“அவகிட்ட பாஸ்வேர்டைக் கேட்டுச் சொல்லுங்க. கையேட்டு பாஸ்வேர்டு. எனக்குச் சொல்லமாட்டா, நீங்க கேட்டாச் சொல்லுவா. அந்த வரியை உடனே தூக்கணும். நாளைக்கு வேற ஒரு கம்பெனிக்காரங்க வர்றாங்க.”

அப்பா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அதையே பார்த்தார்.

“வேற எதுவும் கேட்கணுமாடா?”

“வேற என்ன?”

“உன் பொண்டாட்டி எங்கேன்னு?”

“அவ வீட்ல இருப்பா. நான் இன்னும் ஆபீஸ்லதான் இருக்கேன். அதெல்லாம் அப்புறம்ப்பா, முதல்ல பாஸ்வேர்டு. உங்களுக்கே தெரிஞ்சிருந்தாலும் சொல்லுங்க.”

அப்பா சின்னவளைப் பார்த்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை, ஒரு வார்த்தை என்று கேட்டுக்கொண்டிருந்த மனிதர், இப்போது பேச வார்த்தை தேடுகிறவரைப் போல உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

“தெரியாதுடா” என்றார். “தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்.”

“அப்பா…” என்றான் அண்ணன்.

அண்ணி ஒயரைக் கீழே வைத்தாள். நடந்து வந்து, “மாமா, கொடுங்க” என்று கையை நீட்டினாள். போனை வாங்கினாள். ஸ்பீக்கரை அணைத்தாள். காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், கண்ணாடிக் கதவை உள்ளே இருக்கிற இருவர் முகத்துக்கு நேராக இழுத்துச் சாத்தினாள்.